நஞ்சின் வேருக்கு நீர்: காஞ்சிரங்குளம் முதல் தோவாளை வரை

காஞ்சிரங்குளம் என்னும் ஊர்ப்பெயர் இரண்டு சொற்களால் ஆனது. முதற்சொல் நஞ்சைக் குறிக்கிறது. இரண்டாம் சொல் நீரைக் குறிக்கிறது. காஞ்சிரம் என்பது எட்டி மரத்தின் பழம்பெயர். தமிழில் காஞ்சிரை, காஞ்சிரம் என்ற வடிவங்கள் அகராதிகளுக்குள்ளும் மருத்துவ ஏடுகளுக்குள்ளும் ஒதுங்கிவிட, பேச்சில் எட்டி என்ற சொல்லே நிலைத்தது. மலையாளத்தில் காஞ்சிரம் இன்றும் வாழும் சொல். நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்மேற்கே, பூவாறு கடற்கரைக்கு அணித்தாக உள்ள இவ்வூரும், கோட்டயம் மாவட்டத்துக் காஞ்சிரப்பள்ளியும், இராமநாதபுரம் மாவட்டத்துக் காஞ்சிரங்குடியும், மார்த்தாண்டத்தை அடுத்த காஞ்சிரங்கோடும் ஒரே மரத்தின் பெயரைத் தாங்கி நிற்கின்றன. நச்சு மரம் ஒன்று இத்தனை ஊர்களுக்குப் பெயரானது, அம்மரத்தை மக்கள் அஞ்சி வெட்டிவிடாமல் அறிந்து வைத்திருந்தார்கள் என்பதற்குச் சான்று.

அந்த அறிவு ஊர்ப்பெயரோடு நிற்கவில்லை. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் வழங்கும் நட்சத்திர மரங்களின் பட்டியலில் அசுவினிக்கு உரியது எட்டி. தன் பிறந்த நாளுக்குரிய மரத்தை வெட்டுவது தீது என்பது நம்பிக்கை. திருக்குறளோ நன்றியில் செல்வத்துக்கு உவமை தேடியபோது ஊர் நடுவே பழுத்து நிற்கும் நச்சு மரத்தைக் காட்டியது. அவ்வுவமை பொருள்பட வேண்டுமானால் ஊர் நடுவே அத்தகைய மரம் நிற்பது கேட்போர்க்குப் பழகிய காட்சியாக இருந்திருக்க வேண்டும். 1818இல் பிரெஞ்சு வேதியியலாளர்களான பெலெத்தியே, காவந்து ஆகியோர் ஸ்ட்ரிக்னோஸ் இனத்து விதைகளிலிருந்து ஸ்ட்ரிக்னின் என்னும் நஞ்சைப் பிரித்தெடுத்தனர். அதற்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அம்மரத்தின் இயல்பு ஊர்ப்பெயரிலும் உவமையிலும் பதிந்திருந்தது.

எட்டிக்கு எவரும் நீர் ஊற்றுவதில்லை. அது தானே வளரும் காட்டு மரம். இதே நாட்டில் நஞ்சென்று அறிந்தும் மனிதர் தம் கையால் நட்டு, பாத்தி கட்டி, கோடைதோறும் நீர் வார்த்து வளர்த்த செடி ஒன்று உண்டு. அதுவே அரளி.

*

அரளியின் பெயர்கள் தனியே ஒரு வரலாறு. சங்க நூல்களில் அது கணவிரம், கணவீரம் என வருகிறது. வடமொழியில் கரவீரம், பாலியில் கணவேரம், இந்தியில் கனேர், சிங்களத்தில் கனேரு. தமிழ் வடிவத்தின் ணகரம் வடமொழி ரகரத்தைவிடப் பாலி, பிராகிருத வடிவங்களுக்கு நெருக்கமானது. ஆகவே இச்சொல் பிராகிருதம் பேசிய வணிகர், துறவியர் வழியே தமிழுக்கு வந்திருக்கலாம் என்று கருத இடமுண்டு. திருவாரூர்ப் பகுதியில் உள்ள பாடல் பெற்ற தலமான திருக்கரவீரத்தில் வடமொழி வடிவமே ஊர்ப்பெயராக நிற்கிறது. அங்கே தலமரமும் அலரியே.

பழைய இலக்கியங்களில் இம்மலர் வரும் இடங்களைத் தொகுத்துப் பார்த்தால் இரண்டு முகங்கள் தெரியும். திருமுருகாற்றுப்படையில் முருகனுக்கு எடுக்கும் வழிபாட்டில் கணவீர மாலை தொங்கவிடப்படுகிறது. அகநானூற்றில் மாமூலனார் பாடலொன்றிலோ பாலைவழியில் வீழ்ந்துகிடப்போரின் குருதிக்கு அதே மாலை உவமையாகிறது. மணிமேகலையில் புகார் நகரத் தெருவில் திரியும் பித்தன் ஒருவன் கணவிரி மாலை பூண்டு வருகிறான். வடபுலத்திலும் இதே நிலைதான். பாலி சாதகக் கதைகளுள் ஒன்று கணவேர சாதகம் என்றே பெயர் பெற்றது; அதில் கொலைத்தண்டனைக்கு இட்டுச் செல்லப்படும் கள்வன் கழுத்தில் இச்செம்மாலை கிடக்கிறது. சூத்திரகனின் மிருச்சகடிகத்தில் சாருதத்தனும் கரவீர மாலையுடனேயே கொலைக்களம் நோக்கி நடத்தப்படுகிறான்.

தெய்வத்துக்கும் சாவுக்கும் பொதுவான மாலை இது. செந்நிறம் ஒன்றே அதற்குக் காரணம் என்று கொள்வதற்கில்லை. செந்நிறப் பூக்கள் வேறு பலவும் இருந்தன. உயிரைப் பறிக்கும் ஆற்றலுடைய செடி என்ற அறிவு அம்மாலையின் பொருளுக்குள் கலந்திருந்தது என்று கொள்வதே பொருந்தும். பிற்கால ரசநூல் மரபு அரளியையும் எட்டியையும் எருக்கு, ஊமத்தை முதலியவற்றோடு சேர்த்து உபவிடங்களாக வகைப்படுத்தியது. அதே அறிவை உரோமானிய அறிஞர் பிளினியும் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதி வைத்தார்: இச்செடி ஆட்டுக்கும் மாட்டுக்கும் நஞ்சு என்றார். கூடவே, மனிதருக்கு அது பாம்புக்கடி மருந்தாகும் என்ற தவறான நம்பிக்கையையும் சேர்த்தே எழுதினார்.

இன்று வழங்கும் அரளி, அலரி என்ற இரு வடிவங்களும் அகராதியில் ஏறியவை. எழுத்துகள் இடம் மாறி ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் அரளியும், ஈழத்தில் அலரியும் பெருவழக்கு. பதினாறாம் நூற்றாண்டுக்குப் பின் அமெரிக்கக் கண்டத்திலிருந்து புதுச் செடிகள் வந்தபோது, பழைய பெயரே அடைமொழியோடு அவற்றுக்கும் நீட்டிக்கப்பட்டது. மஞ்சள் பூ பூக்கும் அமெரிக்கச் செடி மஞ்சள் அரளி ஆனது. பிளுமேரியா மரம் ஈழத்தலரி ஆனது. சிங்களத்தில் அரலிய என்றால் இந்தப் பிளுமேரியாவே. கொழும்பிலுள்ள இலங்கைப் பிரதமரின் அதிகாரபூர்வ இல்லம் சிங்களத்தில் அரலிய மரத்தின் பெயரால் வழங்குகிறது. தமிழ் நாளேடுகள் அதனை அலரி மாளிகை என்கின்றன. ஒலி ஒன்று, செடி வேறு. பெயர் நீட்டிக்கப்பட்டபோது நஞ்சு பற்றிய எச்சரிக்கையும் உடன் சென்றதா என்பதே கேள்வி. அரளிக்கும் மஞ்சள் அரளிக்கும் அது பொருந்தியது; இரண்டும் ஒரே குடும்பத்தவை, இரண்டின் நஞ்சும் இதயத்தையே தாக்கும்.

மலையாள வழக்கில் அரளி என்ற சொல்லின் தொன்மைக்கு அச்சுச் சான்றும் உண்டு. கொச்சியின் டச்சு ஆளுநர் வான் ரீட் தொகுத்து, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்த ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ் நூலில், ஈழவ வைத்தியர் இட்டி அச்சுதன் உள்ளிட்டோர் சொன்ன பெயர்கள் அப்படியே இடம்பெற்றன. காஞ்சிரமும், வெள்ளரளியும், செவ்வரளியும் அதில் படங்களோடு உள்ளன. 1753இல் லின்னேயஸ் இச்செடிக்கு நீரியம் ஒலியாண்டர் என்ற பெயரை நிலைநாட்டினார். நீரியம் என்ற முற்பாதி ஈரத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லோடு தொடர்புடையது என்பர். வறட்சிக்குப் பெயர்போன செடிக்கு ஈரத்தின் பெயர் அமைந்தது முரணாகத் தோன்றலாம். அச்செடியின் இயல்பை அறிந்தால் அம்முரண் மறையும்.

*

அரளி இயற்கையில் வளரும் இடம் நடுநிலக்கடல் நாடுகளிலிருந்து வடமேற்கு இந்தியா வரையுள்ள ஆற்றுப்படுகைகள். மழைக்காலத்தில் வெள்ளம் புரண்டு, கோடையில் மேற்பரப்பு முழுதும் காய்ந்து, அடியில் மட்டும் ஈரம் தங்கும் படுகைகள் அவை. வேர் கீழே நீரைத் தேடும். இலை மேலே நீரைக் காக்கும். அரளி இலையின் குறுக்குவெட்டு தாவரவியல் மாணவர் அனைவரும் நுண்ணோக்கியில் கண்டது: தடித்த மேற்பூச்சு, பல அடுக்குப் புறத்தோல், அடிப்பக்கத்தில் மயிர் நிறைந்த குழிகளுக்குள் மறைந்திருக்கும் இலைத்துளைகள். காற்று நேரே படாததால் நீராவி வெளியேறுவது குறைகிறது. இலை கசப்பதாலும் நஞ்சாவதாலும் கால்நடையும் பெரும்பாலும் தீண்டுவதில்லை. நீர் அரிதான நிலத்தில் இலையை இழப்பது பேரிழப்பு என்பதால், அதன் நஞ்சும் ஒருவகையில் நீர்ச் சிக்கனத்தின் துணைக்கருவியே.

இத்தகைய செடிக்கு மனிதர் ஏன் நீர் ஊற்ற வேண்டும்? வேர் பிடிக்கும் வரை, அதாவது தண்டை வெட்டி நட்ட முதற்சில மாதங்களில், நீர் தவிர்க்க முடியாதது. வேரூன்றிய பின் கோடையை அது நீரின்றியே கடந்துவிடும். ஆனால் அவ்வாறு கடக்கும் செடி பூவைக் குறைத்துக்கொள்ளும். செடி உயிர்வாழ மழையே போதும். நாள்தோறும் கூடை நிறைய மொட்டு கிடைப்பதற்குத்தான் இறைத்த நீர் தேவைப்படுகிறது. அரளிக்கு வார்க்கப்படும் நீர் பெரும்பாலும் கோயிலுக்கும் சந்தைக்கும் வார்க்கப்படும் நீர்.

நெய்யாற்றின்கரை, பாறசாலை, விளவங்கோடு வட்டாரத்தின் பருவங்களோடு இதனைப் பொருத்திப் பார்க்க வேண்டும். இங்கு இரண்டு மழைக்காலங்கள். இடவ மாதத்தின் நடுவில் தொடங்குவது இடவப்பாதி எனப்படும் தென்மேற்குப் பருவமழை. துலாம் மாதத்தில் இடியோடு வருவது துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை. திருவனந்தபுரத்தின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,800 மில்லிமீட்டர். இம்மாதங்களில் அரளிக்கு வேண்டியது நீரன்று, வடிகால். வேரடியில் நீர் தேங்கினால் இலை மஞ்சளித்து உதிரும், வேர் அழுகும். பாத்தியை மேடாக்கி, தேங்கும் நீரை வெட்டிவிடுவதே அப்போதைய பணி. மழை ஓய்ந்த தனு, மகர மாதங்களில் மண்ணின் ஈரமே செடியைத் தாங்கும். கும்பமும் மீனமும், அதாவது மாசியும் பங்குனியும், வறட்சியின் உச்சம். ஆற்றுகால் பொங்கலும் மண்டைக்காட்டுக் கொடையும் கும்பத்தில் வருகின்றன. கொல்லங்கோட்டுத் தூக்கம் மீனபரணியை ஒட்டி நடக்கிறது. தேவி கோயில்களுக்குச் செம்மாலை மிகுதியாக வேண்டப்படும் நாள்களும் கிணற்று நீர் அடியைத் தொடும் நாள்களும் ஒன்றாகவே அமைகின்றன. செடி தன் பூவைக் குறைத்துக்கொள்ளும் காலத்தில் மனிதர் அதனிடம் பூ மிகுதியாகக் கேட்கிறார்கள். துலாவும் குடமும் பின்னர் மோட்டார் பம்பும் நிரப்ப முயன்ற இடைவெளி இதுவே.

பழந்தமிழ்நாட்டில் இந்த இடைவெளியை அறக்கட்டளைகள் நிரப்பின. சோழர், பாண்டியர் காலக் கல்வெட்டுகளில் திருநந்தவனத்துக்கும் திருப்பள்ளித்தாமத்துக்கும் விடப்பட்ட நிலக்கொடைகள் ஏராளம். நந்தவனத்தில் நீர் இறைத்து, பூப் பறித்து, மாலை தொடுப்பவர்க்கு நெல் அளக்க வழிசெய்தவை அவை. இந்த எல்லைப்புறமும் அக்கல்வெட்டு உலகுக்கு வெளியே நின்றதன்று. முஞ்சிறையை அடுத்த பார்த்திவசேகரபுரத்துச் செப்பேடு, கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் விடுத்தது. அதன் மொழி தமிழ். சொல்லும் நீரும் இங்கு ஒரே நாட்டின் உடைமையாக இருந்த காலம் நெடியது.

*

1956 நவம்பர் 1 அன்று அந்நாடு இரண்டாகியது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் நெடிய போராட்டத்துக்குப் பின் அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்னும் நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டம் ஆயின. கோரப்பட்டவற்றுள் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை விழுந்தது. வீட்டுமொழியும் உறவும் வழிபாடும் எல்லையின் இருபுறமும் தொடர்ந்தன. நீர் மட்டும் பங்குப்பொருள் ஆயிற்று.

நெய்யாற்றில் 1950களில் கட்டப்பட்ட அணையின் இடதுகரைச் சானல் எல்லையைக் கடந்து விளவங்கோடு வட்டத்தில் ஏறத்தாழ 9,200 ஏக்கருக்குப் பாயும்படி அமைந்தது. சானல் என்ற ஆங்கிலச் சொல்லே குமரி மாவட்டத்தில் கால்வாய்க்கு உரிய இயல்பான சொல். 2004இல் அந்நீர் நிறுத்தப்பட்டது. நெய்யாறு மாநிலங்களுக்கு இடைப்பட்ட ஆறன்று என்பது கேரளத்தின் நிலைப்பாடு; அதனை மறுத்துத் தமிழ்நாடு 2012இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. எல்லையின் ஒரு பக்கம் கடைமடை காய்ந்தது. நெல் போய் ரப்பரும் வாழையும் பரவிய நிலமாற்றத்துக்கு நீர் நின்றதும் ஒரு காரணமாயிற்று. கன்னிப்பூ, கும்பப்பூ என நெற்போகங்களைப் பூ என்ற சொல்லால் எண்ணிய நாடு இது. அப்பூக்கள் குறைந்த பின்னும் மாலைக்குரிய பூ குறையவில்லை.

தோவாளையின் நிலை வேறு. 1906இல் நிறைவுற்ற பேச்சிப்பாறை அணையின் கோதையாற்றுப் பாசனம் தோவாளைச் சானல் வழியே அப்பகுதிக்கு நீர் தந்தது. அந்த ஈரத்தின் மேல் எழுந்ததே தோவாளைப் பூச்சந்தை. திருவனந்தபுரத்து வணிகர்க்கு அது முதன்மையான கொள்முதல் இடம். ஓணத்தின் அத்தப்பூக்களத்துக்கும் கோயில் மாலைகளுக்கும் அங்கிருந்தே பூ போகிறது. சேலம் மாவட்டத்துப் பனமரத்துப்பட்டி வட்டாரத்தில் விளையும் அரளியும் அச்சந்தைக்கு வருகிறது. அரளி மலர்ந்த பின் பறிக்கப்படுவதில்லை. மொட்டாகவே பறித்து, கட்டி, வண்டி ஏற்றப்படுகிறது. எங்கோ ஒரு மானாவாரி நிலத்துக் கிணற்றுநீர் இவ்வாறு பூவுருவில் எல்லை கடந்து கேரளக் கோயிலை அடைகிறது. சானலில் நின்ற நீர் கூடையில் நிற்கவில்லை.

தோவாளையின் கைத்திறனில் தலைசிறந்தது மாணிக்க மாலை. செவ்வரளியும் வெள்ளரளியும் பச்சை நொச்சி இலையும் கொண்டு, பூக்களை மடித்து அடுக்கிப் பட்டையாகத் தொடுக்கப்படும் இம்மாலை, மணிகள் பதித்த அணியைப்போல் தோன்றும். பத்மநாபசுவாமி கோயிலுக்குச் சென்ற இம்மாலையைக் கண்ட திருவிதாங்கூர் மன்னரே இப்பெயரை இட்டார் என்பது தொடுப்போர் மரபு.

*

2024 ஏப்ரல் இறுதியில் ஆலப்புழை மாவட்டத்தைச் சேர்ந்த இளம்பெண் ஒருவர் இறந்தார். வீட்டருகே நின்ற அரளியைத் தெரியாமல் மென்றதே காரணமாகலாம் என ஐயம் எழுந்தது. பத்தனம்திட்டை மாவட்டத்தில் ஒரு பசுவும் கன்றும் அரளி இலை தின்று இறந்த செய்தியும் உடன் வந்தது. அவ்வாண்டு மே மாதம் திருவிதாங்கூர் தேவசுவம் வாரியம் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளியைத் தவிர்க்க முடிவு செய்தது. துளசி, தெச்சி முதலியன போதும் என்றது. மலபார் தேவசுவம் வாரியமும் அவ்வழியே சென்றது. இரண்டின் கீழும் உள்ள கோயில்கள் இரண்டாயிரத்துக்கும் மேல். பிற பூசைகளில் அரளிக்கு முற்றான விலக்கு இல்லை.

அம்முடிவின் அறிவியல் அடிப்படை தெளிவானது. ஒலியாண்ட்ரின் முதலிய நச்சுப்பொருள்கள் இதயத் தசை உயிரணுக்களின் சோடியம்-பொட்டாசியம் பரிமாற்றத்தைத் தடுத்து இதயத்துடிப்பைக் குலைக்கின்றன. காய்ந்தாலும் நஞ்சு போவதில்லை; காம்பு நின்ற நீரிலும் அது இறங்கும். மஞ்சள் அரளி நஞ்சுக்கு எதிர்ப்புரத மருந்தின் பயனை மெய்ப்பித்த முதன்மையான ஆய்வு இலங்கை மருத்துவமனைகளில் நடந்து, 2000இல் லான்செட் இதழில் வெளிவந்தது. பிரசாதம் உண்ணப்படும் பொருள். அதில் அரளி இதழ் கலக்கலாகாது என்பதில் ஐயத்துக்கு இடமில்லை.

எனினும் வரலாற்று நோக்கில் எஞ்சும் கேள்வி ஒன்று உண்டு. ஈராயிரம் ஆண்டுகளாக இம்மலரைத் தெய்வத்துக்குச் சூட்டிய சமூகம் அதன் நஞ்சை அறியாததன்று. கொலைக்களத்து மாலை என்றும் உபவிடம் என்றும் அது அறிந்தே இருந்தது. சூடுவது வேறு, உண்பது வேறு என்ற வரம்பு, செடியை நட்டு, நீர் ஊற்றி, மொட்டைப் பறித்து, கை கழுவி உணவைத் தொட்டவர்களின் பழக்கத்தில் இருந்தது. மாட்டை அரளி வேலியருகே கட்டாத உழவரின் பழக்கத்தில் இருந்தது. செடியோடு அன்றாட உறவு அறுந்த பின், பூ கடையிலிருந்து கட்டுக்கட்டாக வரத் தொடங்கிய பின், நெடுஞ்சாலை நடுத்திட்டில் கோடையில் தண்ணீர் லாரி நனைத்துச் செல்லும் பெயர் தெரியாத அழகுச்செடியாக அது மாறிய பின், அவ்வறிவு கைமாறாமல் நின்றது. வாரியத்தின் ஆணை, பழக்கம் தளர்ந்த இடத்தில் விதி நுழைந்ததன் பதிவு.

ஏறத்தாழ பதினொரு மாதங்களுக்குப் பின், 2025 ஏப்ரலில், தோவாளை மாணிக்க மாலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தி வந்தது. எல்லைக்கு அப்பால் பிரசாதத் தட்டிலிருந்து இறக்கப்பட்ட அதே பூ, இப்பால் ஒரு வட்டாரத்தின் மரபுச் செல்வமாகச் சட்டப்படி பதிவானது. இரண்டு முடிவுகளும் தம்தம் அளவில் சரியானவை. முன்னது வாய்க்குச் செல்வதைப் பற்றியது, பின்னது கைத்திறனைப் பற்றியது. இவ்விரண்டையும் ஒருங்கே தாங்கிய பழைய வரம்பை இனி நினைவில் வைத்திருக்க வேண்டியவர், விலை சரிந்தால் முதலில் இழப்பவரும் நஞ்சுப் பாலை அன்றாடம் கையில் தொடுபவருமான அரளி உழவரும் மாலை தொடுப்போருமே. அவர்களிடம் உள்ள அறிவு இன்னும் முறையாகத் தொகுக்கப்படவில்லை என்பது இத்துறை ஆய்வுகளின் பெருங்குறை. எந்த மாதம் நீர் விடுவது, எப்போது நிறுத்துவது, பறித்த கையை எதனால் கழுவுவது, வெட்டிய கழியை எங்கே எரிக்கலாகாது என்பன அவர்களின் வாய்மொழியில் உள்ளன.

காஞ்சிரங்குளம் என்ற பெயரை இட்டவர் எவரெனத் தெரியாது. நச்சு மரம் நிற்கும் இடத்தில் ஊரார் நீர் முகக்க வேண்டியிருந்திருக்கலாம். அதனால் குளத்தின் பெயரிலேயே மரத்தைச் சொல்லி வைத்திருக்கலாம். நீர் எடுக்க வரும் எவர்க்கும் அந்தப் பெயரே போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்கலாம்.